காலில் ஒரு எண்: கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையம் போடும் ஒரு நாள்

(இது எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக லேசாகத் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்ன உலோக வளையத்தைப் பத்தி. சின்னப் பறவைகளுக்குப் போடுற வளையம் ஒரு கிராம்ல பத்துல ஒரு பங்கு எடைகூட இருக்காது. உள்ளங்கையில வச்சா இருக்கிறதே தெரியாது. அதுமேல பொடி எழுத்துல ஒரு எண் இருக்கும். கூடவே, யாருக்குத் தகவல் சொல்லணும்ங்கிற குறிப்பு. நம்ம நாட்டுல அது பெரும்பாலும் பி.என்.ஹெச்.எஸ்., அதாவது 1883-ல் தொடங்கின பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம்.

இந்த வளையத்தைப் பறவையோட காலில் மாட்டி, பறவையை விட்டுடுவாங்க. அவ்வளவுதான். பேட்டரி கிடையாது, சிக்னல் கிடையாது, ஆப் கிடையாது. எங்கயோ யாரோ ஒருத்தர் அந்தப் பறவையை மறுபடி பார்த்து, எண்ணைப் படிச்சு, சொல்லணும். அப்பதான் அந்த வளையத்துக்கு அர்த்தம்.

இதைக் கேட்டதும் எனக்கு வந்த அதே கேள்விதான் உங்களுக்கும் வரும். சாப்பாடு கொண்டு வர்றவர் எந்தத் தெருவுல திரும்புறார்னு போன்ல பார்க்கிற காலத்துல, இது என்ன கடலில் பாட்டிலுக்குள்ள கடிதம் போடுற வேலை? அதைத் தெரிஞ்சுக்கத்தான் அக்டோபர் மாசம் கோடியக்கரைக்குப் போய், ஒரு ஆய்வுக் குழுவோட ஒரு முழு நாள் இருந்தேன்.

ஜிபிஎஸ் இருக்கும்போது வளையம் எதுக்கு?

முதல்ல இதை முடிச்சிடலாம். 2013-ல் நாகாலாந்தில் மூணு அமூர் வல்லூறுகளுக்குச் செயற்கைக்கோள் கருவி மாட்டினாங்க. நாகா, வோக்கா, பாங்டின்னு பேர் வச்சாங்க. அதுங்க இந்தியாவைக் குறுக்கே கடந்து, அரபிக்கடலைத் தாண்டி, ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்ததை வரைபடத்துல புள்ளி புள்ளியா பார்க்க முடிஞ்சது. அதுக்கு முந்தின வருஷம்தான் அதே பகுதியில் பல்லாயிரக்கணக்கான வல்லூறுகள் வலையில் பிடிபட்டுச் செத்திருந்தன. அந்த மூணு பேரோட பயணம் அங்க ஊர்மக்களோட மனசு மாறுறதுக்கும் உதவியா இருந்தது. அதனால கருவியைக் குறைச்சுச் சொல்ல முடியாது.

சிக்கல் எடையில இருக்கு. பறவை தூக்குற எந்தக் கருவியும் அதோட உடல் எடையில 3 முதல் 5 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு ஒரு பொது விதி வச்சிருக்காங்க. அமூர் வல்லூறு சுமார் 150 கிராம். 5 கிராம் கருவியைத் தூக்கிடும். ஆனா கோடியக்கரைக் காட்டுக்கு வர்ற இலைக்கதிர்க்குருவி சுமார் 8 கிராம்தான். 2 கிராம் கருவியை அது முதுகுல கட்டினா, 60 கிலோ ஆள் 15 கிலோ மூட்டையைச் சுமந்துக்கிட்டு இமயமலையிலிருந்து வர்ற கதை. வளையம்னா, அதே ஆள் ஒரு போனையும் சாவிக்கொத்தையும் பாக்கெட்ல வச்சிருக்கிற மாதிரி.

விலையும் ஒரு காரணம். செயற்கைக்கோள் கருவி ஒண்ணு லட்சக்கணக்கில் வரும். அதனால பத்துப் பறவையைப் பத்தி நிறையத் தெரிஞ்சுக்கலாம். ஆயிரக்கணக்கான பறவைகளைப் பத்திக் கொஞ்சம் கொஞ்சமா, பல வருஷத்துக்குத் தெரிஞ்சுக்கணும்னா வளையம்தான்.

ஏன் கோடியக்கரை?

கூகுள் மேப்பைத் திறந்து பாருங்க. சென்னையிலிருந்து கடற்கரை தெற்கு நோக்கி நேரா வரும். வேதாரண்யம் தாண்டினதும் மடக்குன்னு மேற்கே திரும்பும். அந்த மூலைதான் கோடியக்கரை. 'பொன்னியின் செல்வன்'ல பூங்குழலி இங்கிருந்துதான் இலங்கைக்குப் படகு விடுவா. கல்கி இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததுக்கு எது காரணமோ, பறவைகளுக்கும் அதேதான் காரணம். எதிர்க்கரை பக்கம். பாக் நீரிணையைத் தாண்டினா ஐம்பது அறுபது கிலோமீட்டர்ல யாழ்ப்பாணக் கரை.

இன்னொரு பக்கம் வேதாரண்யம் சதுப்பு நிலமும் உப்பளமும். முழங்கால் அளவு தண்ணி, உப்புச் சேறு, சேத்துக்குள்ள புழு, பூச்சி. நீர்ப்பறவைக்கு இது பந்தி. பக்கத்துலயே பாலை மரமும் நாவலும் முள்புதரும் நிறைஞ்ச உலர் பசுமைமாறாக் காடு. காட்டுப்பறவைக்கு அது சத்திரம். இப்படி ரெண்டும் ஒட்டி இருக்கிற இடம் நம்ம கரையில அபூர்வம். 1967-ல் இது சரணாலயம் ஆச்சு. 2002-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

சரி, இலையுதிர் காலம்னு சொல்றாங்களே, நம்ம ஊர்ல அது எங்க இருக்கு? நமக்கு வெயில், மழை, அதுக்கு அப்புறம் மறுபடி வெயில். ஆனா இந்தப் பறவைகள் கிளம்புற இடத்துல இலையுதிர் காலம் உண்டு. சைபீரியாவோட வடகோடியில் முட்டையிட்ட உள்ளான்கள், அங்க கோடை முடியுறதுக்குள்ள ஜூலையிலயே கிளம்ப ஆரம்பிச்சிடும். நமக்கு ஆடி, ஆவணி நடக்கும்போது முதல் கூட்டம் இங்க இறங்கியாச்சு. புரட்டாசி, ஐப்பசியில காட்டுப்பறவைகளும் சேர்ந்து வரும்போது கோடியக்கரை நிறைஞ்சிடும்.

விடியறதுக்கு முன்னாடி

நான் போனப்ப பருவமழை இன்னும் பிடிக்கலை. காலை நாலரை மணி. காட்டுக்குள்ள ஏற்கனவே கழி நட்டு, வலையைச் சுருட்டிக் கட்டி வச்சிருந்தாங்க. இருட்டு விலகுறதுக்கு முன்னாடி அதை விரிக்கணும். மிஸ்ட் நெட்னு பேர். தலைமுடி மாதிரி மெல்லிய கருப்பு நூல், பன்னிரண்டு மீட்டர் நீளம், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல. வலை விறைப்பா இருக்காது. நாலு மடிப்பா, பை மாதிரித் தொங்கும். பறவை வந்து மோதினா அந்தப் பைக்குள்ள விழுந்து படுத்துக்கும்.

குழுவை நடத்தினவங்க ஒரு பெண் விஞ்ஞானி. பல வருஷமா இதே வேலை. எல்லாரும் அவங்களை மேடம்னு கூப்பிட்டாங்க. நான் அக்கான்னு கூப்பிட்டேன். கோடியக்கரை ஊர்க்காரர் ஒருத்தர் வலைப் பொறுப்பு. எந்தப் புதருக்கும் எந்தப் புதருக்கும் நடுவுல பறவை குறுக்கே போகும்னு அவருக்குத்தான் தெரியும். வளையமிடுற வேலையில இந்த மாதிரி ஆட்களோட அறிவு பெரிய விஷயம். பீகார்ல மீர்ஷிகார்னு ஒரு சமூகம், தலைமுறை தலைமுறையா பறவை பிடிக்கிறவங்க. அதுல வந்த அலி ஹுசைன் பல காலம் பி.என்.ஹெச்.எஸ். ஆய்வுகளுக்காகக் காயமே படாம பறவை பிடிச்சுக் கொடுத்தவர். விற்க, சமைக்கப் பிடிச்ச கைப்பழக்கம், விடுறதுக்காகப் பிடிக்கிற வேலைக்கு வந்தது.

எனக்குக் கொடுத்த வேலை நோட்டுல எழுதுறது மட்டும். பறவையைத் தொட எனக்கு அனுமதி இல்லை, இருக்கவும் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அரசு அனுமதி இல்லாம காட்டுப்பறவையைப் பிடிக்கிறது குற்றம். பயிற்சி இல்லாத கை ஒரு சிறகை ஒரு நொடியில உடைச்சிடும்.

வலையை விரிச்சதும் தள்ளி வந்து உட்காரணும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை சுத்திப் பார்க்கணும். வெயில் ஏறினா, மழை தூறினா, காத்து அடிச்சா உடனே சுருட்டிடணும். இந்த விதியில அக்கா ஒரு நிமிஷம்கூட விட்டுக் கொடுக்கலை. டீ வந்து ஆறிப் போச்சு, அவங்க வலையைப் பார்க்கப் போயிட்டாங்க.

கையில் ஐந்து நிமிஷம்

முதல் சுத்துல ஒரு இலைக்கதிர்க்குருவி, ஒரு கொடிக்கால் வாலாட்டி, ஒரு வெண்புருவச் சின்னான். வலையிலிருந்து எடுத்து ஒவ்வொண்ணையும் தனித்தனி துணிப்பையில போட்டுக் கொண்டு வந்தாங்க. இருட்டா இருந்தா பறவை அமைதியாயிடும்.

பறவையைப் பிடிக்கிற விதமே ஒரு பாடம். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவுல கழுத்து. முதுகு உள்ளங்கையில. மத்த விரல் எல்லாம் கூண்டு மாதிரி லேசா மூடியிருக்கும். நெஞ்சை அழுத்தவே கூடாது. நமக்கு உதரவிதானம் இருக்கு, அதுங்களுக்கு இல்லை. நெஞ்சுக்கூடு அசைஞ்சாத்தான் மூச்சு.

முதல் வேலை வளையம். ஒவ்வொரு இனத்துக்கும் காலோட பருமனுக்கு ஏத்த அளவு உண்டு. ஓட்டை வச்ச தனி குறடு இருக்கு. அதால மூடினா வளையம் சரியான வட்டமா ஒட்டும். காலில் மேலும் கீழும் நகரணும், கழண்டும் வரக்கூடாது, இறுக்கவும் கூடாது. எண்ணை அக்கா ரெண்டு தடவை சத்தமாப் படிப்பாங்க. நான் எழுதிட்டுத் திருப்பிச் சொல்லணும். ஒரு இலக்கம் தப்பினா அந்தப் பறவையோட மொத்தக் கதையும் வேற ஒண்ணுக்குப் போயிடும்.

அப்புறம் சிறகோட நீளம், அலகு, கால், எடை. சிறகை விரிச்சு எந்த இறகு புதுசு, எந்த இறகு தேஞ்சதுன்னு பார்த்தா, இந்த வருஷம் பிறந்ததா, பழையதான்னு சொல்லிடலாம்.

அடுத்து அவங்க செஞ்சதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரு உறிஞ்சுகுழலால பறவையோட நெஞ்சு இறகை மெல்ல ஊதினாங்க. இறகு விலகினதும் தோல் தெரிஞ்சது. மெல்லிய தோல், கண்ணாடி மாதிரி உள்ளே காட்டும். தொண்டைக் குழியில மஞ்சளா கொழுப்பு இருக்கா, எவ்வளவு இருக்குன்னு அதுல தெரியும். வலசைப் பறவைக்கு அதுதான் பெட்ரோல் டேங்க்.

ஏன் கொழுப்பு? ஒரு கிராம் மாவுச்சத்து தர்ற சக்தியைவிட ஒரு கிராம் கொழுப்பு ரெண்டு மடங்குக்கும் மேல தரும். எரியும்போது உடம்புக்குள்ள தண்ணியும் உண்டாகும். நீண்ட பயணத்துக்கு முன்னாடி சில பறவைகள் தன் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கும். பட்டைவால் மூக்கன்னு ஒரு கரைப்பறவை, கிளம்புறதுக்கு முன்னாடி தன் குடலையும் இரைப்பையையும்கூடச் சுருக்கிக்கும். போற வழியில சாப்பிடப் போறதில்லை, அதுக்கு எதுக்கு அந்தச் சுமை? அந்த இனத்துல ஒரு இளம் பறவை 2022-ல் அலாஸ்காவில் கிளம்பி, 11 நாள் எங்கயும் இறங்காம, 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவுல இறங்குச்சு. இது கருவி சொன்ன கணக்கு.

முதல் மூணுல அந்த வெண்புருவச் சின்னானுக்கு ஏற்கனவே வளையம் இருந்தது. அது வலசை போகாத, இதே காட்டுல வாழுற பறவை. எண்ணைப் பழைய பதிவுல தேடினா, மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே வரிசை வலையில பிடிபட்டது. ஊர்க்கார அண்ணன், "இவன் நம்ம ஆளு மேடம்"னாரு. ஒரு சின்னப் பறவை மூணு மழையையும் மூணு கோடையையும் இதே முள்புதருக்குள்ள தாண்டியிருக்கு. பைனாகுலரால பார்த்திருந்தா அது ஒரு சின்னான், அவ்வளவுதான். எண்ணைப் படிச்சதால அது *அந்தச்* சின்னான்.

எண் போடாத ஆறுமணிக்குருவி

மூணாவது சுத்துல ஒரு ஆறுமணிக்குருவி. காலை ஆறு, மாலை ஆறு வாக்குல கூப்பிடுறதால அந்தப் பேர். பச்சை முதுகு, சிறகுல பளிச்சுன்னு நீலம், வயித்துக்குக் கீழ சிவப்பு. இமயமலை அடிவாரத்துலயும் மத்திய இந்தியாவுலயும் கூடு கட்டிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வர்ற பறவை. பயணம் இரவுல.

சின்னப் பறவைகள்ல நிறைய இப்படி இரவுல போறதுக்குக் காரணம் இருக்கு. காத்து குளிர்ச்சி, சுழல் கம்மி, பருந்து, வல்லூறு தொந்தரவு இல்லை, பகல் முழுக்கத் தின்ன நேரம் கிடைக்கும். வழிக்கு நட்சத்திரம் இருக்கு. பூமியோட காந்தப்புலத்தையும் அதுங்களால உணர முடியும்.

அக்கா ஊதிப் பார்த்தாங்க. துளி மஞ்சள் இல்லை. நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்திக்கிட்டு இருந்தது, ரெண்டு பக்கமும் தசை வத்திப் போயிருந்தது. கண்ணு பாதி மூடியிருந்தது. ராத்திரி முழுக்கப் பறந்து, டேங்க் காலியாகி, அப்பதான் இறங்கியிருக்கு. நான் பேனாவை எடுத்துட்டு எண்ணுக்காகக் காத்திருந்தேன். ஆறுமணிக்குருவி அன்னைக்கு அது ஒண்ணுதான்.

"இதுக்கு வேண்டாம் தம்பி. எழுதாதீங்க."

அளவு எடுக்கலை, வளையம் போடலை. புதருக்கு அடியில, காய்ஞ்ச இலைமேல வச்சுட்டு எல்லாரும் பின்னாடி வந்துட்டோம். கொஞ்ச நேரம் அப்படியே நின்னுச்சு. அப்புறம் இலையைப் புரட்டி ஏதோ கொத்தித் தின்ன ஆரம்பிச்சது. அன்னைக்கு ராத்திரியே கடலைத் தாண்டுச்சா, ரெண்டு வாரம் தங்கித் தேறிட்டுப் போச்சா, தெரியவே தெரியாது. தெரிஞ்சுக்கிறதுக்கான ஒரே வழியை நாங்களே விட்டுட்டு வந்தோம்.

அது சரிதானான்னு கேட்டேன். "டேட்டா நாளைக்கும் வரும்"னாங்க அக்கா.

பிடிக்கிறது நியாயமா?

இந்தக் கேள்வியைச் சுத்தி வளைக்க வேண்டாம். பறவைக்கு இது பயம்தான். அதோட பார்வையில ஒரு பெரிய மிருகம் அதைப் பிடிச்சு வச்சிருக்கு. அமெரிக்காவுலயும் கனடாவுலயும் வலையில பிடிச்ச ஆறு லட்சத்துக்கும் அதிகமான பறவைகளோட பதிவை எடுத்து ஒரு ஆய்வு பண்ணினாங்க. காயம் பட்டது 0.59 சதவீதம். செத்தது 0.23 சதவீதம். அதாவது ஆயிரத்துக்கு ரெண்டு மூணு. இது கம்மிதான், ஆனா பூஜ்யம் இல்லை.

எதுக்காக அந்த விலை? சாயங்காலம் உப்பளத்துக்குப் போனப்ப எனக்குப் பதில் கிடைச்சது. வெயில் சாஞ்ச நேரம். தூரத்துல பூநாரைக் கூட்டம். பக்கத்துச் சேத்துல நூத்துக்கணக்குல உள்ளான்கள், தையல் மிஷின் ஊசி மாதிரி நிறுத்தாம கொத்திக்கிட்டே இருந்துச்சு. டெலஸ்கோப்ல அக்கா ஒரு வளைமூக்கு உள்ளானைக் காட்டினாங்க. முதுகு இறகு ஒவ்வொண்ணுக்கும் வெளிர் ஓரம், மீன் செதில் மாதிரி. அப்படின்னா இந்த வருஷக் குஞ்சு.

யோசிச்சுப் பாருங்க. இந்த இனத்துல பெரிய பறவைகள் முன்னாடியே கிளம்பிடும். குஞ்சுகள் அப்புறமா, தாங்களாவே வரும். வழி காட்ட அப்பா அம்மா கிடையாது. பிறந்து சில மாசமே ஆன, ஐம்பது அறுபது கிராம் உயிர், சைபீரியாவிலிருந்து வேதாரண்யம் சேத்துக்கு வந்து சேர்ந்திருக்கு.

இருட்டினதும் ஆழமில்லாத தண்ணிக்குக் குறுக்கே வலை போடுவாங்க. நிலா இல்லாத இரவா இருக்கணும், இல்லைன்னா பறவைக்கு வலை தெரிஞ்சிடும். பிடிபட்ட உள்ளான்கள்ல எத்தனை பழசு, எத்தனை இந்த வருஷக் குஞ்சுன்னு கணக்கு எடுப்பாங்க. இந்தக் கணக்குல ஒரு வேடிக்கை இருக்கு. ஆர்க்டிக்ல லெம்மிங்னு எலி மாதிரி ஒரு பிராணி. சில வருஷம் அது ஏராளமாப் பெருகும், சில வருஷம் குறைஞ்சிடும். நிறைய இருந்தா நரியும் வேட்டைப் பறவைகளும் அதையே தின்னுட்டுத் திருப்தியா இருக்கும். குறைஞ்சா, உள்ளானோட முட்டைக்கும் குஞ்சுக்கும் வந்துடும். அந்த வருஷம் தெற்கே வர்ற குஞ்சுகள் கம்மி. சைபீரியாவுல எலி குறைஞ்சதை நம்ம உப்பளத்துச் சேத்துல படிச்சிடலாம்.

ஒரு வருஷம் குஞ்சு கம்மியா இருந்தா பயப்பட வேண்டாம். பத்து வருஷமா பழைய பறவைகளே திரும்பி வராம இருந்தா, அது வேற பிரச்சினை. சேறு மண் மூடிப் போகுதா, வர்ற வழியில தங்குமிடம் எங்கயாவது காணாமப் போச்சா, வேட்டையா? எதுன்னு பிரிச்சுச் சொல்ல, பல வருஷப் பதிவு வேணும். 2024-ல் உலக அளவில் 16 கரைப்பறவை இனங்களை முன்னைவிட ஆபத்தான நிலைக்கு மாத்தினாங்க. அதுல இந்த வளைமூக்கு உள்ளானும் ஒண்ணு. இப்ப அது 'பாதிக்கப்படக்கூடிய' இனம். அதுங்க வர்ற மத்திய ஆசிய வான்பாதை 30 நாடுகளைத் தொடுது. ஏதாவது ஒரு நாட்டுல ஒரு சேத்து நிலம் போனாலும் கணக்கு இங்க குறையும். 2018 நவம்பர்ல கஜா புயல் இந்தப் பகுதியில கரை கடந்து காட்டுல மரங்களைச் சாய்ச்சுட்டுப் போச்சு. அதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்தது, அப்புறம் என்ன ஆச்சுன்னு ஒப்பிடக்கூட முந்தைய நோட்டு இருந்தாத்தான் முடியும்.

ஈட்டியிலிருந்து வளையம் வரைக்கும்

கொஞ்சம் வரலாறு. பறவைகள் எங்க போகுதுன்னு மனுஷனுக்கு ரொம்ப நாள் குழப்பம். குளிர்காலத்துல தகைவிலான் குளத்துச் சேத்துக்குள்ள தூங்கும்னு ஐரோப்பாவுல நம்பினாங்க. நம்ம சத்திமுத்தப் புலவர், தெற்கே குமரி போய்ட்டு வடக்கே திரும்புற நாரைகிட்ட மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்பினார். அந்த விஷயத்துல நம்மாளு தெளிவு.

1822-ல் ஜெர்மனியில் க்ளூட்ஸ் ஊர் பக்கத்துல ஒரு செங்கால் நாரை கிடைச்சது. அதோட கழுத்துல ஒரு ஈட்டி குத்தி நின்னது. பார்த்தா ஆப்பிரிக்க ஈட்டி. குத்துப்பட்டும் அங்கிருந்து பறந்து வந்திருக்கு. ரோஸ்டாக் பல்கலைக்கழகத்துல இன்னும் அதைப் பாடம் பண்ணி வச்சிருக்காங்க. ஒரு வகையில பார்த்தா, அந்த ஈட்டிதான் முதல் வளையம்.

1899-ல் டென்மார்க்கோட விபோர்க் ஊர்ல ஹான்ஸ் கிறிஸ்டியன் மார்டென்சன்னு ஒரு பள்ளி ஆசிரியர், 165 மைனா வகைப் பறவைகளுக்கு எண் போட்ட அலுமினிய வளையம் மாட்டினார். இன்னைக்கு உலகம் முழுக்க நடக்கிறது அவர் வழிதான்.

நம்ம நாட்டுல பெரிய அளவுல இது நடந்ததுக்குக் காரணம் ஒரு காய்ச்சல். 1957-ல் கர்நாடகாவின் கியாசனூர் காட்டுப் பகுதியில் குரங்குகள் செத்தன, மனுஷங்களுக்கும் காய்ச்சல் வந்தது. உண்ணி பரப்புற வைரஸ். ரஷ்யாவில் இருந்த ஒரு வைரஸோட அது சொந்தம். அப்ப, சைபீரியாவிலிருந்து வர்ற பறவை உண்ணியைச் சுமந்து வருதான்னு ஒரு சந்தேகம். உலக சுகாதார நிறுவனத்தோட உதவியில, சலீம் அலி தலைமையில 1959-ல் பி.என்.ஹெச்.எஸ். வலசை ஆய்வைத் தொடங்கினது அப்படித்தான்.

இரண்டாவது சந்திப்பு

இப்ப முதல் கேள்விக்கு வர்றேன். இந்த பாட்டில் கடிதம் வேலை செய்யுமா? சின்னப் பறவைகள்ல நூறுக்கு வளையம் போட்டா, வேற இடத்துல ஒண்ணைப் பத்திக்கூடத் தகவல் வராம போகலாம். மத்ததெல்லாம் மௌனம். ஆனா அந்த ஒண்ணு வரும்போது என்ன ஆகும்னு சொல்றேன்.

1956-ல் பசிபிக் கடல் நடுவுல, மிட்வே தீவுல, சாண்ட்லர் ராபின்ஸ்னு ஒரு விஞ்ஞானி ஒரு பெண் ஆல்பட்ராஸ் பறவைக்கு வளையம் போட்டார். 2002-ல் அதே தீவுல, அதே ராபின்ஸ் ஒரு பறவையைப் பிடிச்சு, தேஞ்சு போன வளையத்தை மாத்தினார். பதிவேட்டைப் பின்னோக்கித் தேடிக்கிட்டே போனா, அது அவரே 46 வருஷத்துக்கு முன்னாடி வளையம் போட்ட பறவை. விஸ்டம்னு பேர் வச்சாங்க. 2024 கடைசியில, குறைஞ்சது 74 வயசுல, அது இன்னொரு முட்டை போட்டுச்சு. ஆல்பட்ராஸ் அவ்வளவு காலம் வாழும், அந்த வயசுலயும் முட்டையிடும்னு நமக்குத் தெரிய வந்ததே, ஒவ்வொரு தடவை வளையம் தேயும்போதும் யாரோ ஒருத்தர் பழைய எண்ணையும் புது எண்ணையும் சேர்த்து எழுதி வச்சதாலதான்.

முதல் சந்திப்பு ஒரு கேள்வியை எழுதி வைக்குது. பதில் ரெண்டாவது சந்திப்புல கிடைக்குது. அந்த ரெண்டாவது ஆள் விஞ்ஞானியா இருக்கணும்னு இல்லை. மீன்பிடிக்கிறவரா இருக்கலாம், உப்பளத்துல வேலை பார்க்கிற அக்காவா இருக்கலாம், மொட்டை மாடியில நிக்கிற நீங்களா இருக்கலாம்.

நீங்க என்ன பண்ணலாம்?

ஒண்ணு. வளையம் போட்ட பறவையைப் பார்த்தா, எண் முழுசா தெரியுற மாதிரி வளையத்தைச் சுத்திப் பல கோணத்துல படம் எடுங்க. இடம், தேதி, உயிரோட இருந்துச்சா இல்லையா, இதைக் குறிச்சு பி.என்.ஹெச்.எஸ்-க்கோ வனத்துறைக்கோ அனுப்புங்க. உயிரோட இருந்தா வளையத்தைக் கழட்டவே கூடாது.

ரெண்டு. கேமரா வச்சிருக்கிறவங்களுக்கு. கரைப்பறவைகள் சிலதுக்கு உலோக வளையத்தோட கலர் பட்டையும் போடுவாங்க, கொடின்னு சொல்றது. அதுல இருக்கிற எழுத்தை ஜூம் பண்ணித் தூரத்துலயே படிக்கலாம். பறவையை மறுபடி பிடிக்கவே தேவையில்லை. அழகான படம் வரலைன்னாலும் பரவாயில்லை, கால் தெரியட்டும்.

மூணு. இதுதான் நகரத்துல இருக்கிற நமக்கு. அக்டோபர், நவம்பர்ல ஆறுமணிக்குருவி சென்னை, பெங்களூரு அபார்ட்மென்ட் பால்கனியில விழுந்து கிடக்கும். இரவுப் பயணத்துல வெளிச்சம் வழியைக் குழப்பும், கண்ணாடி மோதிடும். கிடைச்சா காத்து போற அட்டைப்பெட்டியில, அடியில துணி போட்டு, மூடி, இருட்டான அமைதியான இடத்துல வைங்க. வாயைத் திறந்து தண்ணி ஊத்தாதீங்க, சோறு ஊட்டாதீங்க, செல்ஃபி வேண்டாம். சில மணி நேரத்துல தெளிஞ்சுட்டா பக்கத்துல மரமும் புதரும் இருக்கிற இடத்துல விடுங்க. சிறகு தொங்கினாலோ தெளியலைன்னாலோ வனத்துறையைக் கூப்பிடுங்க. வீட்ல வச்சு வளர்க்கிறது சட்டப்படி குற்றம். இந்த ரெண்டு மாசம் தேவையில்லாத மாடி விளக்கை ராத்திரி அணைச்சு வச்சா இன்னும் நல்லது.

நாலு. பள்ளிக்கரணையோ, சிங்காநல்லூர் குளமோ, உங்க ஏரியா ஏரியோ, மாசம் ஒரு தடவை போய் என்ன பறவை, எத்தனைன்னு எண்ணி இ-பேர்ட்ல போடுங்க. தனியா போக யோசனையா இருந்தா, ஜனவரியில பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இருக்கு, அதுல சேர்ந்துக்கலாம். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போறதுதான் முக்கியம்.

இந்த எபிசோட் போன்ல ஏறும் நேரம் ராத்திரின்னா, மேல ஏதோ ஒண்ணு தெற்கே போய்க்கிட்டு இருக்க வாய்ப்பு அதிகம். அதுல சிலதோட காலில் எண் இருக்கும். கண்ணுல பட்டா படிச்சுச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.